செயற்றிட்ட முறையும் நூல் வாசிப்பும்

உயர்வகுப்பு மாணவர் தாமே ஒரு வினாவை எடுத்து ஆராய்ந்து அறிக்கை எழுதும் வழக்கம் இன்று பல நாடுகளில் வேரூன்றியுள்ளது. இவ்வழக்கத்துக்குக் கொள்கை வடிவம் அளித்தோருள் குறிப்பிடத்தக்கவர் கொலம்பியாப் பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த வில்லியம் ஹேர்ட் கில்பற்றிக் ஆவர். 1918 ஆம் ஆண்டில் வெளிவந்த அவரது ‘செயற்றிட்ட முறை’ என்னும் கட்டுரை, மாணவன் முழுமனத்துடன் மேற்கொள்ளும் நோக்கமுள்ள செயலே கல்விக்கு அடிப்படையாதல் வேண்டும் என வற்புறுத்திற்று. ஆசிரியர் கூற மாணவன் மனனஞ் செய்து ஒப்புவிக்கும் முறையை அவர் மறுத்தது நியாயமே. ஆயின், அக்கட்டுரையில் நூல் வாசிப்புக்கு உரிய இடம் யாது என வினவின், அதன் குறைபாடு புலனாகும்.

கில்பற்றிக் செயற்றிட்டங்களை நால்வகையாகப் பகுத்தார். அறிவுச் சிக்கலைத் தீர்க்கும் வகைக்கு அவர் தந்த எடுத்துக்காட்டுகள் இரண்டு. பனித்துளி மேலிருந்து விழுகின்றதா என்பது ஒன்று. நியூயோர்க் நகரம் பிலடெல்பியாவை எவ்வாறு விஞ்சியது என்பது மற்றொன்று. இவை அருகருகே வைக்கப்பட்டனவேனும் ஒரே தன்மையன அல்ல. முன்னையதனை மாணவன் இரவில் ஒரு பலகையின் மேலும் கீழும் பஞ்சு வைத்து ஓரளவு சோதித்தறியலாம். பின்னையதற்கோ கண்ணும் கையும் போதா. அதனை ஏடுகளைக் கொண்டே ஆராய்தல் வேண்டும். இவ்வேறுபாட்டைக் கில்பற்றிக் பிரித்துக் காட்டினாரல்லர்.

அவ்வினாவையே ஒரு வகுப்பு எடுத்துக்கொண்டால் நிகழ்வது யாது? 1790 ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கைப் பார்க்கும் மாணவன், நியூயோர்க்கில் 33,131 பேரும் பிலடெல்பியாவில் 28,522 பேரும் வாழ்ந்தனர் எனக் காண்பான். நியூயோர்க் அன்றே முந்திவிட்டது என எழுதுவான். மேலும் வாசிப்பவனோ, பிலடெல்பியாவை ஒட்டிய நோதேண் லிபேட்டீஸ், சௌத்வாக் என்னும் புறநகர்கள் தனியாகக் கணக்கிடப்பட்டமையை அறிவான். அவற்றையுஞ் சேர்ப்பின் தொகை 44,096 ஆகும். எண்கள் பொய்யல்ல, ‘நகரம்’ என்பதன் எல்லையே வேறுபட்டது. ஆராய்ச்சி தொடங்குவது இம்முரண்பாட்டிலேயாம்.

காரணத்தைத் தேடும்போதும் இதுவே நிலை. 1825 இல் திறக்கப்பட்ட ஈரிக் கால்வாய் ஹட்சன் நதியை ஈரி ஏரியுடன் இணைத்து உள்நாட்டு வணிகத்தை நியூயோர்க்குக்குத் திருப்பிற்று. ஒரு நூலோடு நிற்பவன் இதனையே முழு விடையாக எழுதிவிடுவான். ஆயின், குறித்த நாளில் புறப்படும் கப்பற் சேவை நியூயோர்க்கிலிருந்து லிவர்ப்பூலுக்கு 1818 இலேயே தொடங்கிவிட்டது. கால்வாய் திறக்கப்படுமுன் நிகழ்ந்ததனைக் கால்வாயின் விளைவு எனக் கூறவியலாது. காலவரிசையை ஒப்பிடும் இப்பழக்கம் ஆர்வத்தினால் மட்டும் வருவதன்று, பயிற்சியினால் வருவது.

இக்குறைபாட்டின் விளைவை இன்றைய வகுப்பறைகளிலும் காணலாம். நூலிலோ இணையத்தளத்திலோ கிடைத்த பந்தியைப் பெயர்த்தெழுதி, படங்களை ஒட்டி, அழகிய அட்டையிட்டுக் கையளிக்கப்படும் ஒப்படை செயற்றிட்டம் எனப் புள்ளி பெறுகின்றது. மனனத்தின் இடத்தைப் பிரதிசெய்தல் பிடித்ததேயன்றிக் கல்வி மாறிற்றில்லை. அனுபவம் யாவும் ஒருபடித்தாகக் கல்வி பயப்பதில்லை என ஜோன் டூயி 1938 இல் ‘அனுபவமும் கல்வியும்’ என்னும் நூலில் எச்சரித்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. செயலை உயர்த்தி நூலைத் தாழ்த்துவோர் அதனை எடுத்தாளுவர். ஆயினும், சென்ற காலத்துச் சுரைக்காய் ஏட்டிலன்றி வேறெங்குங் காய்ப்பதில்லை. ஆதலின், ஆசிரியர் வினாவோடு தம்முள் மாறுபடும் இரு சான்றுகளையேனும் மாணவன் கையிற் கொடுத்தல் வேண்டும். எதனை ஏற்றான், ஏன் ஏற்றான் என்பதற்கே புள்ளியிடல் வேண்டும். அச்சிற் கண்டதனைத்தையும் மெய்யென நம்பும் மாணவன் பல்கலைக்கழகம் புகுந்தாலும் பிறர் கருத்துக்கு அடிமையாகவே இருப்பான். அவ்வடிமைத்தனத்தினின்றும் அவனை விடுவிப்பதே செயற்றிட்டத்தின் பயன்.