துறவியும் திருடனும்

ஜார் ஆட்சியில் ரஷ்யத் திரையில் குருமாரைக் காட்டவே தடை. 1917இல் மணிமுடி மண்ணில் உருண்டது. மறு ஆண்டே டால்ஸ்டாயின் ‘தந்தை செர்ஜியஸ்’ கதையைத் திரையேற்றினார் யாக்கோவ் புரோட்டசானோவ். காமத்தை அடக்கத் தன் விரலையே வெட்டிக்கொள்ளும் துறவியாக மொசூக்கின் நடித்தார். அப்படத்தை நாம் மதிக்கிறோம். எனினும், அது தனியொருவனின் மனப்போர். மடத்தின் மோசடி அதில் முழுமையாக வெளிப்படவில்லை.

1920இல் நாடு நீங்கி 1923இல் திரும்பிய அவர், 1930இல் தந்த ‘புனித யோர்கன் திருநாள்’ அக்குறையைத் தீர்த்தது. வடிவப் புதுமையில் ஐசென்ஸ்டைன் மேலானவர்தாம். மதவணிகத்தின் கணக்கேட்டைச் சிரிக்கச் சிரிக்கப் பிரித்துக் காட்டியவரோ இவர்! திருடன் புனிதனாகிறான், கூட்டாளி நொண்டியாக நடித்து ‘குணமடைகிறான்’. கூட்டம் மண்டியிடுகிறது. வந்தவன் புனிதனல்லன் என்பதைக் குருமார் அறிவர். பிடித்துக் கொடுத்தார்களா? பேரம் பேசினார்கள்!