சமவெளி என்பது யார் கூற்று?

அகப்பாடலை எடுத்தால் முதலில் ‘யார் கூற்று’ என்று கேட்கிறோம். இந்திய நில அளவைத் துறையின் நிலத்தோற்ற வரைபடங்களையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்று என் மாணவியரிடம் சொல்வேன். தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் அடங்கிய ‘58 என்’ தாள்களில் பேசுவது யார்?

1808இல் வில்லியம் லாம்டன் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் ஏற்ற முயன்றார். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அதைச் சீர்செய்து அளவையைத் தொடர்ந்தார். தென்னை அடர்ந்த தட்டை நிலத்தில் தொலைவு தெரிய அந்த உயரம் தேவைப்பட்டது. கீழே நாற்று நட்ட தலித் பெண்களோ, 1939இன் ஆலய நுழைவு வரை அந்தக் கோயிலுக்குள்ளேயே போக முடியாதவர்கள்.

1:50,000 அளவுத் தாள்களில் சமஉயரக் கோடுகளின் இடைவெளி வழக்கமாக 20 மீட்டர். தஞ்சாவூரின் உயரமே ஏறக்குறைய 60 மீட்டர். அங்கிருந்து கடல்வரை இரண்டு மூன்று கோடுகள்தான் குறுக்கிடும். ஆகவே ‘சமவெளி’. ஆனால் டெல்டாவில் பிழைப்பு சாண் கணக்கில் இருக்கிறது. ஒரு சாண் மேடானால் தண்ணீர் ஏறாது. ஒரு சாண் பள்ளமானால் ஐப்பசி மழையில் பயிர் அழுகும். எந்த மூலையில் கணுக்கால் அளவு சேறு, எந்த மூலையில் முழங்கால் அளவு என்று நடவுக்கு இறங்கும் பெண்கள் சொல்லிவிடுவார்கள்.

நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்றது நம் இலக்கணம். வரைபடம் பொழுதைக் கழித்துவிட்டது. ஜூன் 12இல் மேட்டூர் திறக்காத வருடமும் தாளில் கல்லணைக் கால்வாய் மாறாமல் ஓடும். நடவுக்கூலி இல்லாமல் வீட்டை ஓட்டுகிறவளின் கணக்கு அதில் வராது. மருதத்திணையும் குற்றமற்றதல்ல. அதன் உரிப்பொருள் ஊடல். வயலில் உழைத்தவள் கருப்பொருளில் ஒருத்தியாகவே நின்றாள்.

1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசையில் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். இந்தத் தாள்களில் 50 மீட்டர் நிலம் ஒரு மில்லிமீட்டர். அந்தக் குடிசைக்கு அதில் இடமில்லை. அளவுகோலைத் தேர்வது, யாரைப் பார்ப்பது என்று தேர்வதும்தான்.

வரைபடத்தைக் கிழித்தெறியச் சொல்லவில்லை. தூர்வாரவும் வடிகால் வெட்டவும் திட்டமிடுவோருக்கு வரைபடம் வேண்டும். அதை விரிக்கும் மேசைக்கு நடவுப் பெண்களும் அழைக்கப்பட வேண்டும். எந்த மடை மேடு, எந்தத் தெருவில் தண்ணீர் தேங்கும் என்று அவர்கள் சொல்வது தாளில் ஏற வேண்டும்.