கல்லச்சு என்பது கல்வெட்டு அல்ல

நம் விமர்சனங்களில் அபூர்வமாக ஒரு சொல் வந்து போகும்: கல்லச்சு. ஒரு தோட்ட நாவலைப் பாராட்ட வேண்டுமென்றால், அது அந்த வாழ்க்கையைக் கல்லச்சாகப் பதித்துவிட்டது என்போம். உளியால் கொத்தியது, இனி அழியாது என்ற அர்த்தத்தில். கேட்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் கல்லச்சில் உளிக்கு வேலையே கிடையாது.

1796 வாக்கில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் அலோய்ஸ் செனஃபெல்டர் கண்டுபிடித்த முறை அது. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புக்கல்லில் கொழுப்பு கலந்த மையால் எழுதுவார்கள். அதன்மேல் சிறிது அமிலம் சேர்த்த பிசினைப் பூசுவார்கள். பிறகு கல்லை நனைத்து, எண்ணெய் மை தடவிய உருளையை ஓட்டுவார்கள். ஈரமான இடம் மையை ஒட்டவிடாது. எழுதிய இடம் மட்டும் வாங்கிக்கொள்ளும். மேடுமில்லை, பள்ளமுமில்லை. எண்ணெய்க்கும் தண்ணிக்கும் ஆகாது, அவ்வளவுதான் விஷயம். ஈப்போவைச் சுற்றி நிற்பவையும் சுண்ணாம்புக்கல் மலைகள்தான், ஆனால் பெரும்பாலும் பளிங்காக மாறிப்போனவை. கல்லச்சுக்குத் தேவை சோல்ன்ஹோஃபன் கல்லைப் போன்ற மிக நுண்ணிய, சீரான கல்.

மலாய்க்காரர்கள் இதை 'சாப் பத்து' என்றார்கள். நம் பத்து காஜாவில் இருக்கிற அதே 'பத்து', கல். கையெழுத்தின் வளைவு கெடாமல் ஜாவியை அச்சிட இது வசதியாக இருந்தது. அரபு, தமிழ் வேர்கள் கொண்ட முன்ஷி அப்துல்லாவின் 'ஹிகாயத் அப்துல்லா' 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில்தான் வந்தது. தமிழ் அச்சோ 1578இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' தொட்டு, பெரும்பாலும் உலோக எழுத்தின் வழியே போனது. கல்லச்சு படங்கள், அரபுத்தமிழ் நூல்கள் என்று ஓரமாக நின்றது. அதனால் இந்தச் சொல் நமக்குப் பழகவில்லை. பழகாத சொல்லுக்குக் கல்வெட்டின் அர்த்தத்தை மாட்டிவிட்டோம்.

மாட்டினால் என்ன குடிமுழுகிப் போச்சு என்று கேட்கலாம். கல்வெட்டு என்று நினைத்துவிட்டால் நாவலிடம் சாட்சியம் மட்டுமே கேட்போம். லயம், பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பட்டியல் சரிபார்ப்போம். தாமானில் பிறந்த இளைஞர் பேனாவை எடுத்தால், "தோட்டத்தையே பாக்காத நீ என்னத்த எழுதப் போற?" என்போம்.

கல்லச்சுக்காரர் பழைய கல்லைத் தூக்கி எறிவதில்லை. வேலை முடிந்ததும் மணலும் நீரும் போட்டு, இன்னொரு கல்லால் அரைத்து, படத்தை நீக்கிவிட்டு, அதே கல்லில் புதுப்படம் வரைவார். அரைத்தது போதாவிட்டால் பழைய படம் புதியதன் நடுவே மங்கலாக எழுந்து வரும். ஆங்கில அச்சுத் தொழிலில் அதற்குப் பேய் என்றே பெயர்.

பேராக்கின் கதையும் இதுதானே? 1877இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார்கள். பிறகு காடு போய் ரப்பர் வந்தது. தோட்டத் துண்டாடல் வந்தது. தொழிலாளர்களே தோட்டங்களை வாங்கட்டும் என்று, சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ரப்பர் போய்ச் செம்பனை, அதுவும் போய்ப் பல இடங்களில் தாமான். ஒரே மண்ணை அரைத்து அரைத்து வரைந்த படங்கள். தாமான் வீடுகளுக்கு நடுவே ஒரு பழைய மாரியம்மன் கோயில் நின்றால், அது அரைபடாமல் மிஞ்சிய பகுதி.

அந்த இளைஞரிடம் இருப்பது தோட்டம் அல்ல, இந்த மங்கல்தான். பாட்டி இன்னமும் பெரட்டு நேரத்துக்கு எழுந்து உட்கார்ந்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார், பெரட்டைப் பார்த்ததில்லை. பார்க்காத பெரட்டைக் கோடு கோடாகத் தெளிவாக வரைந்தால் போலியாகும். விடியுமுன் எழுந்து எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருக்கும் பாட்டியை எழுதினால் தோட்டம் தானாக மேலே வரும்.

ஆகவே விமர்சகர் கேட்க வேண்டியது, நீ அங்கே இருந்தாயா என்றல்ல. மேலே இருக்கும் படம் எது, அடியிலிருந்து எட்டிப் பார்ப்பது எது, இரண்டையும் எழுத்தாளர் குழப்பாமல் வைத்திருக்கிறாரா? கல்லச்சு என்ற சொல்லை வைத்துக்கொள்வோம். அதைச் சொல்லும்போது இந்தக் கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம்.