கொலனி: ஒரு சொல்லின் பொருள் வேறுபாடுகளும் நிலவுடைமையும்

ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை அகராதிகள் எண்ணிட்டு வரிசைப்படுத்துகின்றன. அவை எத்தகைய சமுதாய உறவுகளிலிருந்து தோன்றின என்பதை அவை விளக்குவதில்லை. ஈழத்தில் ‘கொலனி’ எனவும் தமிழகத்தில் ‘காலனி’ எனவும் வழங்கும் ஆங்கிலச் சொல்லை இந்நோக்கில் ஆராய முற்படுகிறோம்.

இச்சொல்லின் மூலம் உழுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையாகும். உரோமர் தாம் வென்ற நிலங்களில் நிறுவிய குடியிருப்புக்கு அது பெயராயிற்று. அதே வேரிற் பிறந்த ‘உழவன்’ என்னும் சொல், பிற்கால உரோமப் பேரரசில், நிலத்தை விட்டு நீங்க உரிமையற்ற குத்தகையாளனைக் குறித்தது. குடியேறியவனும் கட்டுண்டவனும் ஒரே வேருக்குள் அடங்கினர். ‘மூலதனம்’ முதற் பாகத்தின் (1867) இறுதி அத்தியாயத்தில் மார்க்ஸ் குடியேற்றக் கோட்பாட்டை ஆராய்ந்தமை தற்செயலானதன்று. உழைப்பவனை நிலத்திலிருந்து பிரித்தாலன்றிக் கூலியுழைப்பு நிலைபெறாது என்பதே அவர் அங்கு வெளிப்படுத்திய உண்மை.

இலங்கை 1802இல் பிரித்தானிய முடிக்குரிய கொலனியாயிற்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், உரிமை நிறுவப்படாத தரிசு நிலங்களையும் காடுகளையும் முடிக்குரியவை எனக் கொண்டது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் அத்தகைய நிலத்தை விவசாயிகளுக்குப் பங்கிட வழிசெய்தது. திருகோணமலை மாவட்டத்துக் கந்தளாய், அல்லைத் திட்டங்கள் இவ்வழி வந்தவையே. முன்னதைக் ‘குடியேற்ற நாடு’ என்றும் பின்னதைக் ‘குடியேற்றத் திட்டம்’ என்றும் வழங்குகிறோம். ஆட்சியாளர் பின்னதில் அபிவிருத்தியை மட்டுமே கண்டனர்; தமிழ்த் தேசியவாதிகள் ஆக்கிரமிப்பை மட்டுமே கண்டனர். மாவட்டத்தின் இன விகிதம் மாறியமை மறுக்கவியலாதது. 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்க–செல்வநாயகம் ஒப்பந்தம், காணி பெறுவோரைத் தெரிவுசெய்யும் அதிகாரத்தைப் பிரதேச சபைகளுக்கு அளிக்க முன்வந்ததும் இதனாலேயே. ஆயினும், அனுமதிப் பத்திரத்துடன் வந்த சிங்கள விவசாயியும் அந்நிலத்தை விரும்பியவாறு விற்கும் உரிமையற்றவனே. முடியின் ஆசனத்தில் அரசு அமர்ந்தது. உடைமை உறவு மாறவில்லை.

அதே மாவட்டத்துக் குச்சவெளிப் பிரதேசம் பிறிதொரு பொருளை உணர்த்துகிறது. அங்குப் புல்மோட்டைக் கரையின் இல்மனைற் செறிந்த கனிய மணலுக்கென 1957இல் அரச கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. எனினும் அக்கனிமம் பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறி வந்துள்ளது. கொலனி ஆட்சி நீங்கிய பின்னரும் கொலனிப் பொருளாதாரத்தின் இயல்பு எஞ்சியுள்ளமைக்கு இக்கரையே சான்று.

தமிழகத்தில் இச்சொல் ஊருக்குப் புறத்தே தலித் மக்கள் வாழும் பகுதியைக் குறிக்கலாயிற்று. 2025 ஏப்ரலில், அரசு ஆவணங்களிலிருந்து அதனை நீக்குவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். இது வரவேற்கத்தக்கதே. ஆனால் இரயில்வே காலனி, அலுவலர் காலனி என்னும்போது அச்சொல்லில் இழிவு ஒட்டுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. இழிவு சொல்லில் இல்லை. சேரியை நிலமற்றதாக வைத்த சாதிய உடைமையில் உள்ளது. அது நீங்காதவரை புதுப்பெயரும் பழைய பொருளையே ஏற்கும்.

பண்பாட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் அதே இலத்தீன் வினையிற் பிறந்ததாகும். தமிழிலும் நிலத்தைப் பண்படுத்தலும் பண்பாடும் உறவுடைய சொற்களே. எனவே, நிலம் யாருடையது என்று வினவாத பண்பாட்டு ஆய்வு தன் பெயரின் பொருளையே மறந்த ஆய்வாகும்.