பனைமட்டைக் குதிரையும் சூப் பாடலும்

பாண்டி பஜார் டீக்கடையில் போன வாரம் ஒரு பையன் 'கொலவெறி' பாட்டைப் போட்டான். தனுஷ் எழுதிப் பாடி, அனிருத் இசையமைத்து 2011 நவம்பரில் வந்தது. காதலில் தோற்ற ஆணுக்கு 'சூப்' என்கிற பட்டம் நிலைத்ததில் இதற்குப் பெரிய பங்குண்டு. கூட வந்த தோழர், "பாட்டுதானே, விடுப்பா" என்றார். விட முடியவில்லை.

சூப் பாடல் என்கிற பிரதியில் பேசுபவன் ஆண், பேசப்படுபவள் பெண், கேட்பவர்கள் மச்சான்கள். அவள் 'வேண்டாம்' என்று சொன்னது ஒரு குற்றமாகத்தான் இதற்குள் நுழைகிறது. காரணம் கேட்க இங்கே ஆளில்லை. தன்னையே கிண்டல் பண்ணிக்கொள்கிறானே என்பார்கள். உண்மைதான். கோபத்தோடு வரும் குற்றச்சாட்டை மறுக்கலாம், சிரித்துக்கொண்டே வருவதை எப்படி மறுப்பது?

இது நமக்குப் புதிதல்ல. கருக்குள்ள பனைமட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, தெருவில் இழுபட்டு வருவான் மடலேறுபவன். உடம்பு கிழிவது அவனுக்கு. ஊர்வாயில் விழுவது அவள் பெயர். ஏறிய மடலைத் தொல்காப்பியம் பெருந்திணைக்குத் தள்ளியது. 'ஏறுவேன்' என்று சொல்வதை மட்டும் மரபு குறிஞ்சிக்குள் அனுமதித்தது. வகுப்பில் இதை நாகரிகம் என்று படித்தோம். எனக்கு இப்போது தலைகீழாகப் படுகிறது. மடலின் அதிகாரம் முழுவதும் அந்தச் 'சொல்வதில்'தான் இருக்கிறது. தோழி பயந்துபோய் தலைவியிடம் பரிந்து பேசுகிறாள். மிரட்டல் பலித்துவிடுகிறது, குதிரையே தேவைப்படவில்லை. சூப் பாடலின் நாயகனும் சாவதில்லை, சொல்லிக்கொண்டே இருக்கிறான்.

2015 டிசம்பரில் 'பீப்' பாடலுக்கு எதிராக மாதர் சங்கம் போராடியது நியாயம். ஆனால் பொதுவெளியில் விவாதம் அந்த ஒரு கெட்ட வார்த்தையிலேயே சிக்கிக்கொண்டது. வார்த்தையை அழித்தாலும் வாக்கியம் அப்படியே நிற்கிறது: தோற்ற ஆணுக்குத் திட்ட உரிமை உண்டு, திட்டப்படுபவளுக்குப் பதில் வரி கிடையாது. மருதக்கலியில் அப்படியில்லை. பரத்தையிடம் போய்வந்து பொய் சொல்கிறவனை நிற்கவைத்துக் குறுக்கு விசாரணை செய்கிறாள் தலைவி. அவன் சாக்கு ஒவ்வொன்றும் அவள் வாயில் கிழிகிறது. ஆக, மரபில் இரண்டும் இருந்தன. சினிமா மடலை எடுத்துக்கொண்டு மருதத்தை விட்டுவிட்டது.

நான் வெளியில் நின்று இதை எழுதவில்லை. 'கொலவெறி' வந்தபோது மயிலாப்பூரில் அறையெடுத்து எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். விலகிப்போன ஒருத்திக்கு, பெசன்ட் நகர் கடற்கரையில் நின்றுகொண்டு, கடலில் இறங்கப்போகிறேன் என்று செய்தி அனுப்பினேன். இறங்கும் எண்ணம் எனக்கு இல்லை. அடையாறிலிருந்து ஆட்டோ பிடித்து ஓடிவந்தாள். அறை நண்பர்கள் அதை என் வெற்றியாகக் கொண்டாடினார்கள். மறுநாள் வகுப்பில் குறளின் 'நாணுத் துறவுரைத்தல்'. ரசித்துக் கேட்டேன்.

பாட்டைத் தடைசெய் என்று நான் கேட்கவில்லை. எழுதுகிற நண்பர்கள் அந்தப் பதில் வரியை எழுதட்டும். ஆட்டோவில் வரும்போது அவள் என்ன நினைத்தாள் என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. இந்தக் கட்டுரையிலும் அவள் பேசவில்லை.