‘ஒரே இரத்தம்’ என்னும் வழக்கு

உறவின் நெருக்கத்தைக் குருதியால் அளப்பது தமிழர் மரபு. ‘ஒரே இரத்தம்’ என்பது கெடா மாநிலத்துத் தோட்டங்களிலும், அலோர் ஸ்டார், சுங்கைப் பட்டாணி, கூலிம் நகரங்களிலும் வழங்கும் தொடரே. அன்பைக் குறிக்குமளவில் அதிற் குற்றமில்லை. எலும்பு மச்சைக் கொடையை விளக்க அதனைக் கையாளும்போதுதான் பொருள் பிறழ்கின்றது.

இரத்தப் பிரிவு வேறு. இழைய வகை வேறு. முன்னது ஏ, பி, ஏபி, ஓ என நான்கனுள் அடங்கும். பின்னது ஆறாம் குரோமோசோமில் அமைந்த எச்.எல்.ஏ. மரபணுக்களால் அமைவது. அதன் முதற்கூற்றை 1958-இல் கண்டறிந்த பிரெஞ்சு மருத்துவர் ழான் தோசே 1980-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இன்று அறியப்பட்டுள்ள எச்.எல்.ஏ. வடிவங்கள் 40,000-க்கும் மேற்பட்டவை. இரத்தப் பிரிவு மாறுபடினும் மச்சை மாற்றம் இயலும். இழைய வகை பொருந்தாவிடின் இடர் மிகும்.

இவ்வகையின் ஒரு பாதி தந்தைவழி வருவது. மறுபாதி தாய்வழி வருவது. ஆதலின், பெற்ற தாயும் பொதுவாகப் பாதியே பொருந்துவாள். உடன்பிறந்தார் ஒருவர் முழுதும் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. பாதிப் பொருத்தத்துடன் மாற்றும் முறை இக்காலத்து வளர்ந்துள்ளது. எனினும் முழுப் பொருத்தமே முதலில் நாடப்படுகிறது. பொருந்தாத அண்ணனை ‘இரத்த பாசம் இல்லாதவன்’ என உறவினர் நோக்குவராயின், அப்பழி அவனைச் சாராது, சொல்லையே சாரும்.

ஆயினும், இவ்வழக்கை முற்றிலும் தள்ளுதலும் பொருந்தாது. கங்காணிமார் தம் ஊராரையும் உறவினரையும் திரட்டித் தோட்டங்களுக்குக் கொணர்ந்தனர். மாமன் மகளையும் அத்தை மகனையும் மணக்கும் வழக்கமும் உடன்வந்தது. இத்தகைய குடும்பங்களில் ஒரே மரபணுத் தொகுதி இருவழியாகவும் வந்து சேர்தல் கூடும். எனவே, உடன்பிறந்தார் பொருந்தாவிடத்து நெருங்கிய உறவினரையும் சோதித்தல் பயனுடைத்து. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகரங்களிற் சிதறியபின், அவ்வுறவினரைத் தேடிக் காண்பதே அரிதாயிற்று.

‘இந்தியர்’ என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. மலேசியக் கணக்குகளில் தமிழர், தெலுங்கர், மலையாளிகள், பஞ்சாபியர் யாவரும் அப்பெயரில் அடங்குவர். மரபணுவோ அந்த எல்லையை அறியாது. 2000-இல் மருத்துவ ஆய்வுக் கழகத்தின்கீழ்த் தொடங்கிய மலேசியக் குருத்தணுப் பதிவகத்தில் தமிழர் பெயர்கள் பெருகப் பெருகவே, தமிழ் நோயாளிக்குப் பொருந்துவோர் கிடைக்கும் வாய்ப்பும் பெருகும்.

ஆகவே, வகுப்பறையில் இதனை விளக்கும் ஆசிரியர் ‘இரத்தம் ஒன்று’ என்பதோடு நிறுத்தலாகாது. உறவு வேறு, பொருத்தம் வேறு என்று பிரித்துக் காட்டல் வேண்டும். உறவல்லாத ஒருவரும் உயிர்காக்கப் பொருந்துவார் என்னும் உண்மை அப்பொழுதே மாணவர் உள்ளத்திற் பதியும்.