ஜெர்சியை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள்

ஓசூர் மைதானங்களில் மாலையில் பந்தாட வருபவர்களின் ஜெர்சியில் நாம் பார்ப்பது கிளப் முத்திரை, எண், பெயர். அந்த ஜெர்சிக்கு நிறம் ஏற்றியவரை யாரும் நினைப்பதில்லை. திருப்பூர் சாயப்பட்டறைகளில் அவரை டையிங் மாஸ்டர் என்பார்கள். அவர் கைவண்ணத்தைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் சாதாரண நீல ஜெர்சியைக்கூட எளிதில் கீழே வைக்க மனம் வராது.

முதலில் ஜெர்சியை உள்பக்கம் திருப்புங்கள். இரண்டு பக்கமும் ஒரே நிறமென்றால் பெரும்பாலும் அது சாயம் ஏற்றிய துணி. உள்ளே வெளுத்திருந்தால், காகிதத்தில் அச்சிட்ட நிறத்தைச் சுமார் 200 டிகிரி சூட்டில் துணிக்கு மாற்றியிருக்கிறார்கள். சிக்கலான டிசைன்களுக்கு அதுதான் வசதி. ஆனால் துணியை இழுத்தால் கண்ணிகளுக்கு நடுவே வெள்ளை தெரியும். என் மனம் முதல் வகையிடம்தான்.

ஏனென்றால் ஜெர்சித் துணியான பாலியஸ்டர் எளிதில் மசியாது. 1941-ல் இங்கிலாந்தின் லங்காஷயரில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்த இழை அது. தண்ணீரையே உள்ளே விடாது. அதனால் மூடிய இயந்திரத்தில் அழுத்தம் கொடுத்து 130 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். அந்தச் சூட்டில் இழை இளகி வழிவிட, சாயம் உள்ளே போய்ச் சேரும். ஆறியதும் அங்கேயே சிக்கிக்கொள்ளும். சூட்டை அவசரமாக ஏற்றினால் நிறம் திட்டுத்திட்டாகும். அவசரமாக ஆற்றினால் மடிப்புத் தழும்பு விழும், அது எந்த இஸ்திரிக்கும் போகாது. மாஸ்டரின் பொறுமையை அந்தச் சமமான நிறத்தில்தான் பார்க்கிறோம்.

பருத்திக்குச் சாயமே வேறு. உப்பும் சோடாவும் வேண்டும், சுமார் 60 டிகிரி போதும். அந்த உப்புநீரும் சாயக்கழிவும் நொய்யல் ஆற்றைக் கெடுத்ததால்தான் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவை ஆற்றில் விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் திரும்ப ஓடின. நல்ல நிறம் என்று சொல்லும்போது இந்தத் தண்ணீர்க் கணக்கையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அடுத்து காலர். ரிப் காலரும் உடம்புத் துணியும் வேறு வேறு பின்னல். ஒரே சாயம் போட்டாலும் ஒளி வேறு மாதிரி படும். பர்கூர் ஜவுளிக் கடையில் எடுப்பதானால், பட்டுப்புடவை எடுக்கும் நம் அம்மாக்கள்போல வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். ட்யூப்லைட்டில் ஒன்றாயிருந்த இரண்டும் வெயிலில் பிரிந்து தெரிந்தால், ஷேடு சேரவில்லை. தேர்ந்த மாஸ்டர் பகல் ஒளி, கடை ஒளி இரண்டிலும் விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்த பிறகே லாட்டை அனுப்புவார்.

கடைசியாக, சிவப்பு ஜெர்சியின் வெள்ளை எண். அது ரோஸாக மாறியிருந்தால், எண்ணை ஒட்டிய சூட்டில் துணியின் சாயம் ஆவியாகி மேலேறியிருக்கிறது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் சாயம் ஏற்றியவரும் எண் ஒட்டியவரும் சூட்டை அறிந்து வேலை செய்திருக்கிறார்கள். வீட்டில் அதைக் காப்பாற்ற, எண்ணின் மேல் இஸ்திரிப்பெட்டியை வைக்காதீர்கள்.